ஊசி பிடித்த கையும் உட்கார முடியாத கால்களும்

1. தவறிய ஊசி

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாகிறது. காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர்கள் வெறும் வயிற்றோடு வாசலில் நிற்பார்கள். அவர்களுடைய கையில் வெயின், அதாவது ரத்தக்குழாய், கயிறு மாதிரி எழும்பி நிற்கும். எங்களுக்கு அதைவிடச் சுலபமான கை கிடையாது.

அப்படிப்பட்ட ஒரு கையில்தான் எனக்குத் தவறியது. முத்தையா அண்ணன் ராஜபாளையத்துக்காரர், சுகர் பார்க்க வழக்கமாக வருபவர். புஜத்தில் டூர்னிக்கெட் பட்டையைக் கட்டி, ஸ்பிரிட் தடவி, ஊசியை இறக்கும் நேரத்தில் என் விரல்கள் நடுங்கின. ஊசி வெயினைத் துளைத்து மறுபக்கம் போய்விட்டது. மறுபடியும் குத்தினேன். அதிலும் ரத்தம் வரவில்லை. முழங்கை மடிப்பில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி, நீலம் கட்டிவிட்டது.

அவர் கோபப்படவில்லை. "நீ கொஞ்சம் உக்காரும்மா. அடுத்த ஆளு எடுக்கட்டும்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் உட்காரச் சொன்னதுதான் தாங்கவில்லை. ஏனென்றால் அந்த வாரம் முழுக்க என்னால் உட்காரவே முடியவில்லை.

2. லேபில் யாரிடமும் சொல்லாத மாத்திரை

அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்திருந்தேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. அதனால்தான் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. தூக்கம் போனது, சோறு மண்ணாக இருந்தது, லேபில் ரீஏஜென்ட் ரசாயனங்கள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். என் வீட்டுக்காரர்தான் விடாப்பிடியாகத் தேவராவில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார்.

மாத்திரை ஆரம்பித்த நாலைந்து நாளில் உடம்புக்குள் ஒரு பரபரப்பு வந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை. மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தால் ஒரு ஸ்லைடு முடிவதற்குள் கால் எழுந்துகொள்ளச் சொல்லும். எழுந்தால் நடக்கச் சொல்லும். வீட்டில் தொழுகை விரிப்பில் இருப்புக்கு அமரும் அந்தக் கொஞ்ச நேரமும் பெரும்பாடாக இருந்தது. திரவத்தை அளந்து விடும் பிப்பெட்டைப் பிடித்தால் நுனியில் துளி ஆடியது. என் நோய்தான் முற்றுகிறது என்று நினைத்தேன். எத்தனையோ பேருடைய ரிப்போர்ட்டில் மருந்தின் பக்கவிளைவைப் பார்த்திருக்கிறேன். என் உடம்பில் வந்தபோது எனக்கு அது தோன்றவே இல்லை.

முத்தையா அண்ணன் கை வீங்கிய அன்றைக்கு நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். அது நான் செய்த இரண்டாவது தப்பு. மூன்றாம் நாள் தலையைத் திருப்பினால் கிறுகிறுத்தது. மண்டைக்குள் கரண்ட் அடிப்பதுபோல வெட்டியது. மாத்திரையால் கொஞ்சம் குறைந்திருந்த அழுகை மொத்தமாகத் திரும்பி வந்தது.

3. லிஸி சேச்சியின் கை

எங்கள் லேப் இன்சார்ஜ் லிஸி சேச்சி. மட்டாஞ்சேரியிலேயே பிறந்து தமிழர்களோடு பழகியதால் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். கூட்டம் குறைந்த ஒரு பகலில் என்னைத் தனியே கூப்பிட்டார். நான் சென்ட்ரிஃப்யூஜ் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் இடையே நடப்பதை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"எந்தா ஜீனத்தே, கை விறைக்குதா?" என்று கேட்டார். மலையாளத்தில் நடுக்கத்துக்கு விறையல் என்றுதான் பெயர்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் கையில் யார் ஊசியைக் கொடுப்பார்கள், வேலை போய்விடும் என்ற பயத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

சேச்சி சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "கை நேராகுற வரைக்கும் நீ ஊசி தொட வேண்டா. அது ரோகிக்கு வேண்டி. வேலை எங்கயும் போகில்லா. ஆனா இன்னைக்கே டாக்டரைப் போய் காணணும்" என்றார்.

அன்று மாலையே போனேன். டாக்டர் முதலில் கேட்டது, சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்பது. இல்லை என்றேன். எப்போதாவது வந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் உடனே வரச் சொன்னார். பிறகு விளக்கினார். உட்கார முடியாமல் போவதும் கை நடுங்குவதும் இந்த மாத்திரையால் சிலருக்கு வரும், அளவைக் கூட்டிக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்யலாம், நோய் முற்றியதாக அர்த்தமில்லை என்றார். அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டதும் பாதி பாரம் இறங்கியது.

மாத்திரையைப் பாதி அளவில் திரும்பச் சாப்பிடச் சொன்னார். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் அது உண்டா என்று கேட்டுக்கொண்டு, நடுக்கத்துக்கும் பரபரப்புக்குமாக இன்னொரு சின்ன மாத்திரையைக் கொஞ்ச நாளைக்குக் கொடுத்தார். தைராய்டும் பார்க்கச் சொன்னார். அது சரியாகவே இருந்தது. ஒரு நாளைக்கு ஆறு சாயா குடிக்கிறவள் நான். ஒன்றோடு நிறுத்தச் சொன்னார். எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது இதுதான்.

லேபில் எனக்கு நின்றுகொண்டே செய்யும் வேலைகளைச் சேச்சி ஒதுக்கினார். டோக்கன் கொடுப்பது, டியூபில் லேபிள் ஒட்டுவது. அவசரமில்லாத சாம்பிள்களை ஐஸ் பெட்டியில் வைத்துத் தோப்பும்படியில் உள்ள பெரிய லேபுக்கு அனுப்புவோம். வழக்கமாக ஆட்டோவில் போகும் அந்தப் பெட்டியை நான் நடந்தே கொண்டுபோனேன். நடக்கும்போது உடம்புக்குள் இருந்த அந்தப் பிடுங்கல் தணிந்தது. போய் வந்தபின் பத்து நிமிஷம் உட்கார முடிந்தது. அப்புறம் இருபது. சாப்பாட்டு நேரத்தில் முழங்கையை மேஜையில் ஊன்றி, பிப்பெட்டால் டியூபில் தண்ணீர் நிரப்பிப் பழகினேன். சில நாள் சிந்தியது. ஆறாவது வாரம் ஒரு காலையில் மீன் குழம்பின் புளிப்பு நாக்கில் தெரிந்தது. கை நடுக்கத்தையே கவனித்துக்கொண்டிருந்ததில் மனசு தெளிந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஊசி எடுக்கட்டுமா என்று சேச்சியிடம் கேட்டேன். சேச்சி நாற்காலியில் உட்கார்ந்து தன் சட்டைக் கையை மேலே சுருட்டினார்.

"முதல்ல என் கை."

அவருக்கு வெயின் கண்ணுக்குத் தெரியாது, தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொட்டேன். மூச்சை விட்டுவிட்டு இறக்கினேன். டியூபுக்குள் ரத்தம் ஏறியது. சேச்சி பஞ்சை அழுத்திக்கொண்டே, "அடுத்த ஆளை விளி" என்றார்.

4. பெஞ்சில் உட்காராதவர்

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. டாக்டர் சொல்லி, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மாத்திரையை முடித்தும்விட்டேன்.

போன மழைக்காலத்தில் ஹோட்டலில் சமையல் வேலை செய்யும் ஒருவர் டெஸ்டுக்கு வந்தார். தென்காசிப் பக்கம், ஐம்பது வயதிருக்கும். பெஞ்ச் காலியாக இருந்தும் உட்காரவில்லை. போவதும் வருவதுமாக இருந்தார். அவசரக்காரர் போலிருக்கிறது என்று காத்திருந்தவர்கள் அவரை முன்னால் விட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபோதும் அவருடைய கால் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

குரலைத் தணித்து, "அண்ணே, புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிச்சீங்களா?" என்று கேட்டேன்.

அவரும் குரலைத் தணித்தார். "தூக்கத்துக்கும் மனசுக்கும்னு குடுத்தாங்க. அதைத் தின்னதிலிருந்துதான் இப்படி. இன்னையோட விட்டுறப்போறேன்."

"நீங்களா விடாதீங்க. நான் விட்டுப் பட்டிருக்கேன். இங்கேருந்து நேரா அந்த டாக்டர்கிட்ட போங்க. உட்கார முடியலங்கிற இதே வார்த்தையச் சொல்லுங்க, போதும்."

மருந்தைப் பற்றி வேறெதுவும் நான் சொல்லவில்லை. அது என் வேலையும் இல்லை.

லேப் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். கை நடுங்கினால் ஊசியைக் கீழே வைத்துவிடுங்கள், அதில் அவமானம் இல்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கொடுத்தவரிடம் போய்ச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் கழித்த நாட்களால் இன்னொருவருடைய கை வீங்கியது.

ஒரு மாதம் கழித்து அந்தச் சமையல்காரர் மறு டெஸ்டுக்கு வந்தார். அன்று நல்ல கூட்டம். அவருக்கு முன்னால் பதினெட்டு டோக்கன் இருந்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் முறை வரும்வரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.