அடையாறு வரை, ஒரு கையெழுத்துக்காக

காலை 8.10. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனைக்கு மூர்த்தியின் ஆட்டோ வந்துவிட்டது. குழந்தைகளின் வளர்ச்சியை ஆராயும் அடையாற்று மையம் ஒன்றுக்கு, என் இரண்டு வயது மகள் மகிழினியோடு நான் போவது இது ஐந்தாவது முறை. ஏழரைக் கிலோமீட்டர். ஆட்டோவை மையமே அனுப்பிவிடும். இன்னும் மூன்று ஆண்டுகள் மகிழ் ஆராய்ச்சியில் தொடரச் சம்மதம் கேட்டு இன்று கையெழுத்து வாங்குவார்கள். ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுக்கிறார்கள். போன முறை எடுத்தபிறகு, வெள்ளைச் சட்டை போட்ட யாரைக் கண்டாலும் மூன்று நாள் அழுதாள். ஒரு வாரமாக நானும் போடலாம், வேண்டாம் என்று மாறி மாறி நினைத்துக்கொண்டிருந்தேன்.

துரைசாமி சுரங்கப்பாதையில் பத்து நிமிடம் நெரிசல்.

"இன்னாம்மா, கையெழுத்து போடப்போறீங்களா, இல்லியா?" என்றார் மூர்த்தி.

"உங்களுக்கும் தெரியுமா அண்ணா?"

"தெரியாம? ஆளு சேர்ந்தாத்தான் டில்லிலேர்ந்து துட்டு வருமாம். எனக்கு பாதி சவாரி இதுதான். இட்லிக் கடை, ஜெராக்ஸ், ரத்தத்த ஐஸ் பெட்டில ஏத்திக்கினு போற வேன்காரன், அல்லாரும் இத நம்பித்தான் கீறாங்க."

"நீங்க வேற, பயமுறுத்தாதீங்க."

"நா இன்னா சொன்னேன்! உங்க பொண்ணு, உங்க இஷ்டம்."

8.55. இத்தனை நாள் அந்தத் தெருவில் மையத்தின் வாசலை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இன்று சுற்றிலும் பார்த்தேன். மூன்று வீடுகளில் மகளிர் விடுதிப் பலகைகள். முப்பது ரூபாய்க்கு இரண்டு இட்லி வாங்கி, கழுத்தில் மையத்தின் அடையாள அட்டையோடு நின்றபடியே சாப்பிடும் பெண்கள். பேச்சில் திருநெல்வேலியும் தருமபுரியும் கேட்டன. இஸ்திரி வண்டியில் வெள்ளைக் கோட்டுகள் அடுக்கடுக்காக. ஆராய்ச்சி நிதி என்றால் நாளிதழில் கோடிக் கணக்கில் படித்திருக்கிறேன். தமிழ்நாட்டுக்குள் அது வந்து இறங்கும் இடம் இப்படி இருக்கும் என்று யோசித்ததில்லை.

9.20. மயிலாப்பூரிலிருந்து வரும் நர்ஸ் ஸ்டெல்லா படிவத்தை நீட்டினார். பேனாவைத் திறந்தேன்.

"போட்டுடறேன் சிஸ்டர். நான் மாட்டேன்னா உங்க எல்லாருக்கும் வேலை..."

அவர் படிவத்தின்மேல் கையை வைத்துவிட்டார். "அப்படின்னா போடாதீங்க. தாட்சண்யத்துக்குப் போடுற கையெழுத்து எங்களுக்கு வேணாம்."

"உங்க வேலை?"

"அடுத்த மாசத்தோட ஒப்பந்தம் முடியுது. அது என் கவலை. அதுக்காக இவ கையில ஊசி குத்த முடியுமா? எதாவது கேக்கணும்னா கேளுங்க. ரெண்டு வருஷமா தலையத்தான் ஆட்டிட்டிருக்கீங்க!"

ரத்தம் கொடுக்காமல் சேர முடியுமா என்று கேட்டேன்.

"மூணாம் பக்கத்துல தனிக் கட்டமே இருக்கு. யாரு திருப்பிப் பாக்கறீங்க?"

எம்.ஏ. படித்தவள் நான். ஒருமுறைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை. நின்று நிதானமாக எல்லாவற்றையும் படித்தேன். உயரம், எடைக்குச் சம்மதம், ரத்தத்துக்கு இல்லை என்று குறித்துக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டெல்லா முகம் சுளிக்கவில்லை.

10.40. "ஆச்சாம்மா?" என்றார் மூர்த்தி.

"ஆச்சுண்ணா. ரத்தம் மட்டும் வேணாம்னுட்டேன்."

"போச்சு! வேன்காரன் என்னியத்தான் ஒதைப்பான்" என்று சிரித்தபடி வண்டியைக் கிளப்பினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைப்போல் எல்லோரும் சொன்னால் அந்தத் தெரு என்னவாகும்? வீட்டில் கணவர் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகியவள். செய்தது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை. மகிழ் என் மடியில் எழுந்து நின்று, நந்தனம் தாண்டும்வரை, கடந்துபோன பேருந்துகளுக்கெல்லாம் இரண்டு கைகளாலும் டாட்டா காட்டிக்கொண்டே வந்தாள்.