மூன்று குழலுக்கும் ஒரே ரவை

அன்று துவக்குக் கடையின் நிலக்கீழ் அறையில் இருந்தவர்கள்: துவக்குத் திருத்தும் ஜெர்மன்காரர். எங்கள் சுடும் கழகத்து அண்ணை, யாழ்ப்பாணத்தார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கார்ச் சாவியோடு வாசலில் என் கணவர். நான்.

மேசையில் மூன்று குழல்கள். என்னுடையது சின்ன ரவைத் துவக்கு. ஐம்பது மீற்றரில் கடதாசியைச் சுடுவது, வேறொன்றுமில்லை. அதன் குழல் தேய்ந்துபோய்ப் பத்தில் விழ வேண்டியது எட்டில் விழுந்தது. துவக்கோடு வருகிற குழலைவிட, குழல் மட்டும் செய்கிறவர்களுடையது நல்லது என்றார்கள். அதில் ஒன்றை எடுக்கத்தான் போனோம்.

எங்கள் ஆட்களுக்குத் துவக்கு என்றால் வேறு நினைவு வரும். எனக்கும் வரும். அது வேறு கதை.

கழக அணியில் நான்கு பேர். மூன்று இடம் நிரம்பிவிட்டது. நாலாவதுக்கு நானும் அந்த அண்ணையும். ஐந்து சனிக்கிழமை சுட வேண்டும், ஒரு நாளுக்கு அறுபது சூடு. மொத்தப் புள்ளி கூடினவருக்கு இடம். எனக்கு அந்த இடம் வேண்டும். ஜெர்மனிக்கு, இந்த ஹம் நகரத்துக்கு வந்து முப்பது வருடம். என்னை எவரும் எதற்கும் தெரிவு செய்ததில்லை.

அப்படியிருக்க அண்ணை ஏன் எனக்குக் குழல் தெரிவு செய்ய வந்தார்? அதுதான் முதல் சந்தேகம்.

"ரெண்டாவதை எடுங்கோ தங்கச்சி. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்."

"நான் கண்ணைத் திறந்துகொண்டே எடுக்கிறன் அண்ணை."

ஒவ்வொரு குழலோடும் சுட்டுச் சோதித்த தாள் ஒன்று இருந்தது. ஐந்து சூடு, ஒரே ஓட்டை. மூன்று தாளும் ஒன்றுபோல. நான் கம்பித் தொழிற்சாலையில் அளவு பார்க்கிறவள். அளக்காமலே அளவுத்தாள் நிரம்புவதைக் கண்டிருக்கிறேன். நானும் நிரப்பியிருக்கிறேன். அதனால் தாளை நம்பவில்லை. என் கண்முன் சுடச் சொன்னேன்.

திருத்துகிறவருக்கு முகம் கறுத்தது. ஆனாலும் ஒவ்வொரு குழலையும் இரும்புப் பிடியில் இறுக்கிப் பத்துப் பத்தாகச் சுட்டார். முதலாவதும் இரண்டாவதும் போட்ட ஓட்டை கிட்டத்தட்ட ஒரே அளவு. மூன்றாவது கொஞ்சம் பெரிது. பிறகுதான் ரவைப் பெட்டிகளைப் பார்த்தேன். மூன்றிலும் வேறு வேறு இலக்கம்.

ஏன் என்று ஜெர்மனில் கேட்டேன்.

"ஒரே தடவையில் செய்த ரவைக்கு ஒரே இலக்கம்," என்றார். "ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு இலக்கம்தான் பிடிக்கும். தேடிப் பிடித்து வைத்திருக்கிறேன். இரண்டாவதை எடுத்தால் நல்லது. அதற்குரிய ரவை அலுமாரி நிறைய இருக்கிறது."

அண்ணை சொன்னதும் இரண்டாவது. இவர் சொல்வதும் இரண்டாவது. இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"மூன்றுக்கும் ஒரே பெட்டி," என்றேன். தொழிற்சாலையில் அப்படித்தான். சோதனை என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி. அண்ணையின் கைக்கு எட்டாத பெட்டியைத் தொட்டுக் காட்டினேன். அது முதலாவது குழலின் பெட்டி.

"பொம்பிளை பாக்க வந்தண்டைக்கும் இவ இப்பிடித்தான்," என்று வாசலிலிருந்து என் கணவர் அண்ணையிடம் சொன்னார். "என்ர சப்பாத்தையே மூண்டு தரம் பாத்தவ."

"பாத்தும் ஏமாந்திட்டாவே!" என்றார் அண்ணை.

நான் சிரிக்கவில்லை.

அந்த ரவையில் முதலாவது குழல்தான் வென்றது. மற்ற இரண்டும் சிதறின. அதை எடுக்கிறேன் என்றேன்.

"அந்த இலக்கத்தில் ஐந்து பெட்டிதான் மிச்சம்," என்றார் திருத்துகிறவர். "பிறகு கிடைக்காது."

அவசரப்படுத்தி விற்கிற பேச்சு என்று விட்டுவிட்டேன். இருந்தாலும் ஐந்தையும் வாங்கினேன். பெட்டிக்கு ஐம்பது ரவை. பொலிசில் தெர்மீன் என்கிற முன்நேரம் எடுத்து, குழலை என் துவக்கு அனுமதி அட்டையில் பதிந்தேன்.

குறி சரிபார்க்க இருபத்தைந்து ரவை போனது. போட்டி நாளில் அறுபதோடு, புள்ளியில் சேராத முன்சூடு பத்து. முதல் சனிக்கிழமை நான் அண்ணையைவிட நான்கு புள்ளி கூட. இரண்டாவதில் சமன். அதற்குப் பிறகு கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த இலக்கம் எங்கும் இல்லை. வேறு மூன்று இலக்கம் தந்தார். சுட்டுப் பார்த்தேன். பத்தும் ஒன்பதும் ஏழுமாக விழுந்தது. அலுமாரி நிறைய இருந்ததும் அப்படித்தான், அது இரண்டாவது குழலின் ரவை. அந்த மனிதர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது சனிக்கிழமை முடிந்தபோது மொத்தத்தில் நான் ஆறு புள்ளி கூட. அண்ணை தன் பெட்டி ஒன்றை என் மேசையில் வைத்தார்.

"இதைப் போட்டுப் பாருங்கோ. சிலவேளை உங்கட குழலுக்குப் பிடிக்கும்."

"ஏன் தாறியள்?"

"என்ன பிள்ளை, நஞ்சே தாறன்? அண்டைக்கும் நல்லதைத்தான் சொன்னனான்."

அது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கை போகவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இன்னும் இரண்டு சனிக்கிழமை. நூற்றிருபது சூடு. வீட்டில் கடைசிப் பெட்டியை மேசையில் கொட்டி எண்ணினேன்.

பதினைந்து.