கடலுக்குக் கட்டிய ஈயம்

தண்ணீரில் எது விழுந்தாலும் என் செல்போன் அடிக்கும். வாணியம்பாடியில் தோல் ஷெட் வேலை, வெள்ளிக்கிழமைதான் ஓய்வு. ஆசைக்குக் கற்ற ஸ்கூபா டைவிங் அந்த ஓய்வையும் தின்கிறது. முடியாது என்று சொல்லவும் வாய் வராது.

போன மாதம் ஜமுனாமரத்தூரில் ஒரு விவசாயியின் கிணற்றில் மோட்டார் விழுந்துவிட்டது. என் டைவிங் செட் பழுதாகிக் கிடந்ததால், கடலில் டைவ் அடிக்கும் நண்பரின் செட்டை இரவல் வாங்கிக்கொண்டு மலையேறினேன்.

உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கும் என்பதால் அவருடைய இடுப்பு பெல்ட்டில் ஈயக்கட்டிகள் அதிகம். அலுப்பில் அவற்றைக் குறைக்காமலே இறங்கினேன். கிணற்றின் நல்ல தண்ணீரில் கல்லாக அமிழ்ந்தேன். சேற்றில் புதையாமலிருக்க, மிதக்க வைக்கும் ஜாக்கெட்டில் காற்றை ஏற்றினேன், காலை உதைத்தேன், மூச்சு இரைத்தது. ஜாக்கெட்டுக்கும் எனக்கும் ஒரே சிலிண்டர்தான் என்பது உறைக்கவில்லை. வழக்கமான நேரம் தாங்கும் என்று, மிச்சக் காற்றைக் காட்டும் மீட்டரையும் பார்க்கவில்லை. திடீரென்று இழுத்தால் காற்று வரவில்லை. பெல்ட்டைக் கழற்றி விட்டுவிட்டு, மேலே வர வர நெஞ்சுக்குள் விரியும் காற்று நுரையீரலைக் கிழிக்காமலிருக்க மூச்சை விட்டுக்கொண்டே மேலே வந்தேன்.

படியைப் பிடித்து இருமிக்கொண்டிருந்தபோது விவசாயி எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாய், மோட்டார் கெடச்சுதுங்களா?"

"இருங்க. மொதல்ல மூச்சு கெடைக்கட்டும்."

இப்போதெல்லாம் இரவல் செட் என்றால் முதலில் மேல்மட்டத்திலேயே மிதந்து ஈயத்தைச் சரிபார்க்கிறேன். மீட்டரைக் கையிலேயே பிடித்திருக்கிறேன். யார் அவசரப்படுத்தினாலும் ஒரே பதில்தான்: "மோட்டாருக்கு மூச்சு வாணாங்க. அது இருக்கும்."