அழுததற்காக விலக்கப்பட்டவர்

இட்லித் தட்டை அடுப்பிலிருந்து இறக்கும்போது போன் வந்தது. பேசியவர் போலகம் ஊரில் சௌந்தரராசன் சாரின் பக்கத்து வீட்டுக்காரர். "சார் காலையில எந்திரிக்கலைங்க. உங்களுக்குத் தகவல் சொல்லச் சொன்னாங்க மல்லிகா அக்கா" என்றார். அதற்கு மேல் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

சாரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காரைக்காலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் அங்கே மூத்த டெக்னீஷியன். "கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஊசி குத்துவார். குழந்தைகளிடம்கூட வலிக்காது என்று சொல்ல மாட்டார். பிள்ளை அதைக் கேட்டே வீறிட்டு அழும், பிடித்துக்கொள்வது நான். அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு எத்தனையோ நாள் எரிச்சல் வந்திருக்கிறது.

வியாழக்கிழமை மாலை ஆகிவிட்டால் சாரைப் பிடிக்க முடியாது. கையைக் கழுவிக்கொண்டு மன்றத்துக்குப் பறப்பார். ஊரார் ஐயா என்றழைத்த ஒரு பெரியவர் நடத்திய பஜனை மன்றம் அது. பாட்டு முடிந்ததும் சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் சாப்பாடு. சாரின் குரல் அப்படியொன்றும் இனிமையில்லை; ஆனாலும் எல்லோருக்கும் மேலே அவர் குரல்தான் கேட்கும். சாருக்கும் மனைவி மல்லிகா அக்காவுக்கும் பிள்ளைகள் இல்லை. மன்றம்தான் அவர்களுக்குச் சொந்தபந்தம்.

ஐயா காலமானபோது பக்கத்திலிருந்து நாடி பார்த்தவர் சார்தான். ஆனால் ஐயா இறக்கவில்லை, தவத்தில் அமர்ந்திருக்கிறார், எழுந்து வருவார் என்று மன்றத்தார் அறிவித்தார்கள். மூன்று வேளையும் அவருக்கு இலை போட்டார்கள். மன்றத்து வீடுகளில் இனி எந்தச் சாவுக்கும் அழக்கூடாது, அழுகிறவருக்கு நம்பிக்கை இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்கள். சார் என்ன செய்தார் தெரியுமா? நம் பக்கம் யார் இறந்தாலும் செய்வதைச் செய்தார். ஐயாவின் படத்தைப் போட்டு, 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, மன்றத்து வாசலிலேயே பேனர் கட்டிவிட்டார். அதன் கீழே நின்று தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார்.

மாலைக்குள் பேனரைக் கிழித்துவிட்டார்கள். மன்றத் தலைவர் கூட்டத்தின் நடுவே சாரை நிறுத்திக் கேட்டார்: "ஐயா இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இதோட முடிஞ்சிபோச்சு."

"நாடி நின்னப்ப கையப் புடிச்சிக்கிட்டிருந்தவன் நானுங்க. இருக்காங்கன்னு எப்படிச் சொல்லுவேன்?" என்றாராம் சார்.

அன்றே விலக்கிவிட்டார்கள். பந்தியில் அவருக்கு இலை இல்லை. அவர் வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது. தெருவில் பாதி மன்றத்து வீடுகள். அவரைக் கண்டதும் எல்லோருக்கும் செல்போனில் அவசர வேலை வந்துவிடும். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "விட்டுத் தள்ளுங்க சார், கிடக்கிறாங்க" என்றேன். "அப்படிச் சொல்லாதம்மா, எங்க ஆளுங்க" என்றார்.

விலக்கு சாருக்கு மட்டும்தான்; மல்லிகா அக்கா மன்றத்துக்குப் போவதை அவர் தடுக்கவில்லை. வியாழன்தோறும் மொபெட்டில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு, எதிரே டீக்கடையில் காத்திருப்பார். ஒருமுறை அந்த வழியாக வந்தபோது பார்த்தேன். உள்ளே பாட்டு நடக்கிறது. சார் ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாயசைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயாதான் இல்லைன்னுட்டீங்களே, யாரு கேக்கணும்னு பாடுறீங்க?" என்று சீண்டினேன்.

"யாரும் கேக்க வேணாம்மா. சேந்து பாடணும், அவ்வளவுதான்" என்றார். எனக்கு ஏன்தான் கேட்டோம் என்றாகிவிட்டது.

கடைசியாக அவர் படுத்த படுக்கையாக இருந்தபோது பார்க்கப் போனேன். "சொல்லிடலாமான்னு இருக்கும்மா. ஒரு வார்த்தைதான? பந்தியில உக்காந்து எவ்வளவு நாளாச்சு" என்றார். "சொல்லிடுங்க சார்" என்றேன். "வாய் வர மாட்டேங்குதே" என்றார்.

செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது மன்றத்தார் சாரின் வீட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். அக்காவின் அண்ணனும் அவர்களோடுதான். தலைவர் மட்டும் உள்ளே வந்து அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "பழசை விட்டுடுவோம்மா. மன்றத்து எடத்துலயே, நம்ம ஆளாவே அடக்கம் பண்ணிடுறோம். நீங்க மட்டும் அழாம இருக்கணும்."

சார் ஏங்கிக் கிடந்தது அதற்குத்தான். அக்கா தலைவரைப் பார்த்தார். பிறகு சாரின் முகத்தைப் பார்த்தார். "எப்படிங்க அழாம இருக்கிறது? இவுங்க செத்துட்டாங்களே!" என்று மாரில் அடித்துக்கொண்டு பெருங்குரலெடுத்து அழுதார்.

வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அண்ணன் கொஞ்சம் தயங்கினார், அப்புறம் அவரும் போய்விட்டார். பாடையைத் தூக்க ஆள் போதாமல், எங்கள் நிலையத்து வண்டி ஓட்டுநரையும் வரவழைத்தோம்.

சார், எங்களோடு இருக்கிறீர்கள் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது. நீங்கள் இறந்துவிட்டீர்கள். இனி வர மாட்டீர்கள். அக்கா இன்னும் அழுகையை நிறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதுகொண்டிருக்கிறேன். இந்த வீட்டில் இப்போது எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.