மாமா பிடித்துவைத்த மேசை

ஞாயிறு, காலை 6.20. என்ஸ்கெடே நிலையத்தில் ரயில் ஏறினேன். ஒல்லாந்தில் நான் படிக்கும் உயர்கல்லூரி, புத்தகத்தைவிடக் கையை நம்பும் இடம். மூன்றாம் ஆண்டில் ஒரு அரையாண்டு முழுக்கத் தொழிற்சாலையில் நின்று, மெசினில் பழுது தேடவேண்டும். அந்த இடத்தைக் கல்லூரி ஏற்காவிட்டால் அரையாண்டு அம்போ. எனக்கு இடம் கிடைத்தது டென்மார்க்கில், சில்க்போர்க் நகருக்கு வெளியே ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில். விண்ணப்பித்ததும் நான், நேர்முகம் கொடுத்ததும் நான். அங்கேயே இருபத்திரண்டு வருடமாக வேலை செய்யும் என் மாமா, அம்மாவின் அண்ணன், வீட்டில் தங்க ஒரு அறை தருவதாகச் சொன்னார். அவ்வளவுதான் அவரிடம் கேட்டது.

ஏறக்குறைய அறுநூறு கிலோமீற்றர், ஐந்து ரயில்கள். ஹம்பர்க்கில் ஐம்பது நிமிடத் தாமதம். எல்லையில் பொலிஸ்காரர் கடவுச்சீட்டைப் புரட்டியபடி, எதற்கு வருகிறாய் என்றார். "பிஸ்கட் மெசின் ஏன் நிற்கிறது என்று பார்க்க" என்றேன். அவர் சிரிக்கவே இல்லை.

மாலை 6.45, சில்க்போர்க். மாமா காரோடு நின்றார்.

"களைச்சுப் போனியோ பிள்ளை? இனி உனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. எல்லாம் நான் கதைச்சுப்போட்டன்."

'கதைச்சுப்போட்டன்' என்று நம்மவர் யாராவது சொன்னால் பயப்பட வேண்டும். நான் பயப்படவில்லை. முட்டாள்.

திங்கள், காலை 8 மணி. மேலாளர், லோன என்ற டேனிஷ் பெண், என்னை மேல்மாடிக்குக் கூட்டிப்போனார். கண்ணாடி அறை, சுழலும் கதிரை, பொத்தானை அமத்தினால் ஏறி இறங்கும் மேசை. வேலை: கடைகள் கேட்கும் பிஸ்கட் ஓடர்களைக் கணினியில் பதிவது.

"மெசின் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நீ மேலே இருக்கத்தான் விரும்புகிறாய் என்று உன் மாமா கன்டீனில் சொன்னாரே. அதனால் மாற்றிவிட்டோம்" என்றார் லோன, மிகச் சந்தோசமாக.

கல்லூரி ஆசிரியர் மார்க்குக்குத் தொலைபேசி எடுத்தேன். "புதன் பத்து மணிக்கு வீடியோவில் வருகிறேன். மெசினைக் காட்டினால் கையெழுத்து. மேசையைக் காட்டினால் இல்லை" என்றார். நீங்களே தொழிற்சாலையோடு பேசுங்களேன் என்று கெஞ்சினேன். "அதைப் பேசித் தீர்ப்பதும் உன் படிப்புத்தான்." இவர்களுக்கு எல்லாமே படிப்பு.

லோனவிடம் ஓடினேன். "மாற்றலாம். ஆனால் முதலில் மாமாவோடு பேசு. இத்தனை வருடத்தில் அவர் எங்களிடம் கேட்ட ஒரே உதவி இது" என்றார். கடுப்பில் நகரத்துக்கு பஸ் ஏறி ஒரு கோப்பி குடித்தேன், 42 குரோனர். ஒல்லாந்தில் அந்தக் காசுக்குக் கோப்பியோடு அப்பிள் கேக்கும் வந்திருக்கும்.

மாமாவுக்குத் திங்கள் பின்னேரம் இரண்டாவது ஷிப்ட். செவ்வாய் மாலைதான் குசினியில் அகப்பட்டார். மாமி கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஆரைக் கேட்டு எனக்கு மேசை எடுத்தனீங்கள்?"

"ஏன் பிள்ளை, யன்னல் இருக்கெல்லோ?"

"யன்னல் இருக்கு, மெசின் இல்லை!"

"மெசினடியில நிக்கவோ கொம்மா உன்னைப் படிக்க விட்டவ? சனம் கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?"

"படிப்பே அதுதான் மாமா! நிண்டு பாத்து, மெசின் ஏன் இடையில நிக்குது எண்டு கண்டுபிடிக்கிறது!"

"ஒல்லாந்தில அப்பிடித்தானாமப்பா, விடுங்கோவன்" என்றார் மாமி.

மாமா தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "இருபத்திரண்டு வருசமா நானும் அதைத்தான் செய்யிறன். அது படிப்பெண்டால், எனக்கேன் ஒருத்தரும் சேட்டிபிக்கட் தரேல்லை?"

அவர் வைத்த கோப்பையை எடுத்துக் கழுவிவைத்தேன்.

புதன், காலை 5.30. அறைக் கதவில் தட்டினார். "எழும்பு. இரும்பு வைச்ச சப்பாத்துப் போடோணும். லோனவிட்டை நானே சொல்லுறன்." சொன்னார். டேனிஷில், இரண்டு வசனத்தில், நிலத்தைப் பார்த்தபடி.

பத்து மணிக்கு, மாமா வேலை செய்யும் பொதியிடும் மெசினுக்கு முன்னால் கைபேசியைப் பிடித்தேன். மெசின் நல்ல பிள்ளைபோல அப்போதே நின்றது. மார்க்குக்குப் பரம சந்தோசம். பின்னால் நிற்பவர் யார் என்று கேட்டார்.

"என் மாமா. இந்த மெசினை எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர்."

"அருமை! அவரையே நிறுவன வழிகாட்டியாகப் போடலாமே. பட்டம் இருக்கிறதா?"

"இல்லை."

"ஓ. அப்படியானால் லோனவின் பெயரைப் போடு."

ஐந்து மாதம் அந்த மெசினடியில் நின்றேன். பசைக்குழாய் சூடாகும்போது அட்டைப்பெட்டி ஏன் சிக்குகிறது என்று நாற்பது பக்கம் எழுதினேன்.

கடைசி வெள்ளி, பின்னேரம் 3.10. சில்க்போர்க் மேடையில் மாமா என் பெட்டியைத் தூக்கித் தந்தார்.

"பாஸோ?"

"ஓம் மாமா. முப்பது புள்ளி."

"முப்பதோ? எத்தினைக்கு?" முகம் கறுத்துவிட்டது.

"முப்பதுக்கு முப்பது."

"அப்ப சரி" என்று சிரித்தார்.

கையால் செய்வதையும் படிப்பாக மதிக்கும் நாடு என்று ஒல்லாந்தைப் பற்றி எல்லோரிடமும் அளந்திருக்கிறேன். மதிக்கிறார்கள்தான், கட்டணம் கட்டிப் பெயர் பதிந்தவர்களின் கையை. எனக்கு முப்பது புள்ளி கிடைத்தது. மாமாவுக்குத் திங்கள் காலை ஆறு மணிக்கு ஷிப்ட்.