ஒரு கல்லறைக்கு மூன்று காரணங்கள்

திருப்பதியில் மகள் வீட்டிலிருந்து திரும்பும்போது, சுகிர்தம் டீச்சர் போய்விட்டார் என்று பஸ் நிலையத்தில் சித்தூர்க்காரர் ஒருவர் சொன்னார். அடக்கமும் முடிந்துவிட்டதாம். எனக்கு அழுகை வரவில்லை. அசதியாக இருந்தது, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சரை அறிந்தவர்களுக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? சித்தூர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இருவரும் உளவியல் நடத்தினோம். மனிதனின் நியாய உணர்வு படிப்படியாக ஏறுகிறது என்பது பாடம்: முதலில் அடிக்குப் பயம், பிறகு சொந்த லாபம், பிறகு ஊர்வாய், பிறகு சட்டம், கடைசியில்தான் நியாயம். "இன்னா முடிவு பண்ணாங்கன்னு பாக்காதீங்க. ஏன் பண்ணாங்கன்னு கேளுங்க" என்பார்.

வேறு மதத்தில் மணம் முடித்தவரை எங்கள் கிறிஸ்தவ சபையில் விலக்கி வைப்பார்கள். செத்தாலும் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. நகரி நெசவாளர் வீட்டுப் பெண் வள்ளியைக் கட்டிய அருளப்பன் இறந்தபோது கமிட்டி கூடியது. டீச்சரும் நானும் அதில் இருந்தோம். வள்ளி வாசலில் நின்று, "அவங்க அம்மா பக்கத்துல வையுங்க சார். அது ஒண்ணுதான் கேட்டுக்கினு இருந்தாரு" என்றார்.

செத்தவர்மேல் என்ன கோபம் என்று டீச்சர் நியாயம் பேசினார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். வெயில் ஏறியது, பிணம் காத்திருந்தது. பிறகு டீச்சர் பேச்சை மாற்றினார். பயந்தாங்கொள்ளித் தலைவரிடம், "நாளைக்கு ஏதாவது ரகளை ஆச்சுன்னா பிஷப் உங்களத்தான் கேப்பாரு" என்றார். கௌரவம் பார்க்கும் செயலாளரிடம், "தெருவே பாத்துக்கினு இருக்குது" என்றார். சட்டம் பேசிய பெரியவரிடம், "விலக்கினதுக்குத் தீர்மானம் போட்டீங்களா? போடலன்னா அவரு சபையாருதான்" என்றார். கைகள் உயர்ந்தன. அருளப்பனைத் தாயின் பக்கத்தில் வைத்தோம்.

திரும்பும் வழியில் நான் பாராட்டினேன். டீச்சருக்கு அது பிடிக்கவில்லை.

"எடம் கெடச்சுது. ஆனா ஒருத்தரும் ஒரு படி ஏறல, நான்தான் எறங்கினேன். நாளைக்கு வள்ளிய எங்க வைப்பாங்க? அதை யாரும் கேக்கல, நானும் கேக்கல."

அதன்பின் எத்தனையோ கூட்டங்களில் அந்த விதியை எடுக்கச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் தோற்றார். கடைசி நாட்களில் பேசவே அலுத்துப்போனார். அந்த அலுப்பு இப்போது என்னுடையது. கூடவே அவர் விட்டுப்போன கேள்வியும்.

பஸ் நிலையத்தில் செய்தி கேட்ட மறுநாள் நகரிக்குப் போனேன். தறியை நிறுத்திவிட்டு வந்த வள்ளியிடம், "உங்களுக்குக் கடைசியில எங்க இடம் வேணும்மா? கமிட்டியில கேக்கறேன்" என்றேன்.

"அவரு பக்கத்துலதான் சார்" என்றார் வள்ளி. "இத்தினி வருசத்துல இப்பதான் ஒருத்தர் என்னைக் கேக்கறீங்க."