ஹாஜியாரின் மகளும் ஒரு நொதியமும்

றம்ஸியா ஒரு பைத்தியம். அவளோடு ஒரே ஆய்வுகூடத்தில் பல வருடங்களாகக் குப்பை கொட்டுகிற எனக்கு, அதாவது கஜானிக்கு, அப்படிச் சொல்ல முழு உரிமை உண்டு.

மற்றவர்கள் சினிமா நடிகனைப் பற்றி உருகுவதுபோல் அவள் ஒரு நொதியத்தைப் பற்றி உருகுவாள். உடம்பு சீனியை எரித்துச் சக்தியாக்குகிற அனுசேபத்தில் அதற்கொரு சின்ன வேலை. அந்த வேலை நடந்தால்தான் சில நச்சுகள் பட்டாலும் சிவப்பணு உடையாமல் தப்பும். சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு, பரம்பரையாக வருவது. அப்படிப்பட்டவர்களைத் தேடி இரத்தினபுரித் தோட்டங்களின் தொழிலாளர் லயங்களெல்லாம் ஊசியும் கையுமாக அலைந்தாள்.

"எங்க ரத்தத்த என்னா செய்றீங்க மிஸ், விக்கிறீங்களா?" என்று பெண்கள் கேட்பார்கள்.

"ஆமாங்க, போத்தல் போத்தலா!" என்பாள். லயமே சிரிக்கும். கையும் தானாக நீளும்.

கஹவத்தையில் புடவைக்கடை வைத்திருக்கும் அவளுடைய வாப்பா ஹஸன் ஹாஜியாருக்கோ, மகளின் ஆராய்ச்சியில் விளங்கிய ஒரே சொல் சீனி. "எங்கட மகள் சீனி வருத்தத்துக்கு டொக்டர்" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவள் ஊரில் பஸ்ஸால் இறங்கினால் போதும், யாராவது சீனி ரிப்போர்ட்டை நீட்டுவார்கள்.

"வாப்பா, இது வேற சீனி!"

"சீனியிலயும் வேற சீனி ஈக்கா?"

றம்ஸியா தலையில் அடித்துக்கொள்வாள்.

போன வருடம் அவளுடைய தங்கை ஆதிலாவுக்கு மகன் பிறந்தான். வீட்டில் முதல் பேரப்பிள்ளை. ஆதிலா தாய்வீட்டில் இருந்தாள். பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, நாங்கள் பார்க்கப் போனோம். வீடு நிறையச் சனம். எல்லாருக்கும் பிள்ளையின் நிறத்தைப் பற்றித்தான் பேச்சு. "தங்கம்போல ஈக்கான்!" என்றார் ஒரு மாமி. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா, "அனே, ரத்தரன் புத்தா!" என்று கொஞ்சினார். ரத்தரன் என்றாலும் தங்கம்தான். ஹாஜியாருக்குத் தலைகால் புரியவில்லை.

றம்ஸியா பிள்ளையை ஜன்னலடிக்குக் கொண்டுபோனாள். அவளுடைய சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தங்கமாவது ஒன்றாவது! கண்ணின் வெள்ளையும் மஞ்சள். செங்கண்மாரி, அதாவது மஞ்சள் காமாலை; சிவப்பணு உடைந்தாலும் வருவது.

"என்ன மருந்து குடுத்தீங்க? கசாயம் ஏதாச்சும்?"

ஒன்றும் கொடுக்கவில்லையாம். அவள் என் பக்கம் திரும்பினாள். "கஜா, ஏதோ ஒண்டு பட்டீக்கி. என்ன எண்டுதான் விளங்கல்ல."

வாசலில் கால் வைத்ததிலிருந்தே தும்மிக்கொண்டிருந்த எனக்குப் பொறுமை போய்விட்டது.

"விசரி! வீடு முழுக்கப் பூச்சி உருண்டை மணக்குது. உனக்கு மணக்கேல்லையே?"

அவளுக்கு மணக்கவேயில்லை. எப்படி மணக்கும்? புடவைக்கடை வீட்டில் பிறந்தவளுக்கு அதுதான் வீட்டின் வாசம். இந்த நொதியம் குறைந்த குழந்தைகளின் பக்கத்தில் பூச்சி உருண்டையைக் கொண்டுபோகாதீர்கள் என்று மேடைக்கு மேடை கத்துகிறவள் அவள். முதல் பேரனுக்கென்று ஹாஜியார் கடையின் நல்ல துணிகளையெல்லாம் எப்போதோ எடுத்து, உருண்டைகளை அள்ளிப் போட்டு அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். பிள்ளையைச் சுற்றியிருந்தது அத்தனையும் அந்தத் துணிதான்.

றம்ஸியா அதையெல்லாம் உரித்தெறிந்தாள். என் சால்வையைப் பறித்துப் பிள்ளையைச் சுற்றினாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

"நான்தான் என்ட கையால போட்டேன்" என்று ஹாஜியார் வழியெல்லாம் அழுதார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அங்கே பிள்ளையை நீல வெளிச்சத்தின் கீழ்க் கிடத்தினார்கள். மஞ்சள் மெல்ல இறங்கியது. பயல் பசியில் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினான். றம்ஸியா வார்டு நடுவில் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். நேர்ஸ் முறைத்தார்.

பிள்ளை தேறிய பிறகு குடும்பத்தில் எல்லோருடைய இரத்தத்தையும் எடுத்தாள். ஆண்பிள்ளைக்கு இந்தக் குறை தாயிடமிருந்து வருவது. ஆதிலாவுக்கு யாரிடமிருந்து வந்தது? முடிவைப் பார்த்தவள், சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப் பார்த்தாள்.

அன்றைக்கே கஹவத்தைக்குப் போனோம். ஹாஜியார் துணி அளந்துகொண்டிருந்தார்.

"வாப்பா, அது உங்கட ரத்தத்திலதான் ஈக்கி. உங்களுக்கு அந்த நொதியம் கொறவு. அதனால எனக்கும் ஆதிலாக்கும் கட்டாயம் வந்தீக்கி."

ஏச்சு விழப்போகிறது என்று நின்ற மனிதர் கத்தரிக்கோலை வைத்தார்.

"அப்ப நீ இவ்வளவு காலமும் தோட்டம் தோட்டமாத் தேடின ஆள் நானா?"

"ஓ வாப்பா."

ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. கடை வாசலுக்கு ஓடி, வீதிக்கே கேட்கக் கத்தினார்:

"கேட்டீங்களா? எங்கட மகள் படிச்சதெல்லாம் என்னயப் பத்தித்தான்!"